புது மீனைத் தொட்டியில் விடும் முன் எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்?

அயனாவரம்_3அடி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 3 அடித் தொட்டி, ஏறக்குறைய 130 லிட்டர். இரண்டரை வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 2 ஏஞ்சல், 8 விடோ டெட்ரா, 5 மோலி, 4 கோரி இருந்தன. மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை நாளில், 6 செர்ரி பார்ப் வாங்கி வந்தேன். கடையில் சுறுசுறுப்பாகத்தான் திரிந்தன. பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, பைத் தண்ணீரோடு சேர்த்து அப்படியே ஊற்றிவிட்டேன்.

5-ஆம் நாள் காலை, ஏஞ்சலின் வாலில் 2 வெள்ளைப் புள்ளி. மறுநாள் உடம்பு முழுக்க ரவை தூவின மாதிரி ஆகிவிட்டது. கடையில் சொன்ன நீல மருந்தை அடுத்தடுத்து 2 நாள் ஊற்றினேன். புள்ளிகள் குறைந்தது போல இருந்தது, நிறுத்திவிட்டேன். அப்புறம் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது, புள்ளியும் திரும்ப வந்தது. 25 மீனில் இப்போது மிச்சம் 1 ஏஞ்சல், 2 மோலி. அவற்றின் மேலும் புள்ளி இருக்கிறது.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலைக் காப்பியைத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துதான் குடிப்பார். செத்த மீன்களை ஒவ்வொன்றாக அவர்தான் வலையில் எடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

இந்த மூன்றையும் எப்படிக் காப்பாற்றுவது? மணலையெல்லாம் தூக்கிப் போட வேண்டுமா? இனி வாங்கும் மீனைத் தனியாக வைக்கச் சொல்கிறார்கள், ஆனால் எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. எத்தனை நாள் வைப்பது? முன்கூட்டியே மருந்து ஊற்ற வேண்டுமா? "தனித் தொட்டியில் போட்டாலே மீன் செத்துவிடும்" என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது உண்மையா?

மாடித்தொட்டி:

தம்பி, முதலில் அந்த மூன்றையும் பார்ப்போம்.

உங்களுக்கு வந்தது வெள்ளைப்புள்ளி நோய், இக் என்பார்கள். நீங்கள் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டி, மேலே ஓடு கட்டிக்கொண்டு உள்ளே பிளந்து பெருகும். அந்த ஓட்டுக்குள்ளும் மருந்து போகாது. ஓடு உடைந்து நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரை குஞ்சுகள் நீந்தி வரும். அந்த நேரத்தில் மட்டும்தான் மருந்தோ உப்போ அதைக் கொல்லும். 2-ஆம் நாளில் புள்ளி குறைந்தது குணமானதால் இல்லை, உதிர்ந்து பெருகப் போனதால். நீங்கள் நிறுத்தியது சரியாக அந்த நேரத்தில்.

130 லிட்டர் தண்ணீருக்கு, லிட்டருக்கு 2 கிராம் வீதம் 260 கிராம் கல் உப்பு. ஒரே தடவையில் கொட்டாதீர்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று பங்காக ஊற்றுங்கள். மோலிக்கு உப்பு பிடிக்கும், ஏஞ்சலும் இந்த அளவைத் தாங்கும். கோரி உயிரோடு இருந்திருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். தினமும் குழாய் வைத்து அடிமணலை உறிஞ்சி எடுங்கள், உதிர்ந்தவை அங்கேதான் கிடக்கும். எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டும் திரும்ப உப்பு சேருங்கள். ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் தண்ணீர் போதும், உப்பு ஆவியாகாது. கடைசிப் புள்ளி மறைந்து 10 நாள் வரை விடாமல் செய்யுங்கள். 25 டிகிரி வாக்கில் அதன் ஒரு சுற்று 3 முதல் 6 நாள், தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் நீளும். மழைக்காலத்தில் பொறுமை வேண்டும்.

மணலைத் தூக்கிப் போட வேண்டாம். மீன் இல்லாமல் இது வாழாது.

தண்ணீர் கலங்கியது வேறு கதை. அந்த நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாக இருந்தால், ஃபில்டரில் குடியிருந்து கழிவின் நஞ்சை முறிக்கும் நல்ல பாக்டீரியாவை அடித்திருக்கும். செத்த மீன்களும் சேர்ந்து, கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு ஏறியிருக்கும். உங்கள் மீன்களில் பாதி புள்ளியால் போகவில்லை, அம்மோனியாவால் போயிருக்கும் என்பது என் கணிப்பு. தினம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள்.

இனி தனித் தொட்டி. உங்கள் நண்பர் சொன்னது பொய் இல்லை. ஆனால் காரணம் தனித் தொட்டி இல்லை. ஒரு புதுத் தொட்டியை வாங்கி, அன்றைக்கே தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே மீனை விட்டால் அங்கே கழிவைத் தின்ன ஒரு பாக்டீரியாவும் இல்லை. நாலாம் நாள் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். நாம் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவோம். அது அப்படியே போய்விடும். நான் கொளத்தூர்ப் பக்கம் மாடியில் சிமென்ட் தொட்டிகளில் 11 வருடமாக மோலியும் கப்பியும் வளர்க்கிறேன். தொடங்கின வருடத்தில் அப்படி நான் இழந்தவை நிறைய. அதனால்தான் இதைப் பார்த்தவுடன் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வழி ரொம்ப எளிது. ஒரு ஸ்பான்ஞ்சு ஃபில்டர் வாங்கி, பெரிய தொட்டியின் பின் மூலையில் எப்போதும் ஓடவிடுங்கள். ஒன்றரை மாதத்தில் நல்ல பாக்டீரியா குடியேறி அது பழகிவிடும். புது மீன் வாங்கும் அன்று அதை எடுத்துத் தனித் தொட்டியில் வைத்தால், முதல் நாளிலிருந்தே அது வேலை செய்யும். கண்ணாடித் தொட்டிகூடத் தேவையில்லை. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப், மேலே ஒரு வலை மூடி, ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. மணல் போடாதீர்கள். அடி வெறுமையாக இருந்தால்தான் கழிவு கண்ணுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில்கூட வைக்கலாம். பால்கனியில் மட்டும் வேண்டாம், சின்னத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகிவிடும்.

நாள் கணக்கு: 4 வாரம். புள்ளி மட்டும் என்றால் 2 வாரத்தில் தெரிந்துவிடும். குடல்புழு அப்படி இல்லை, அது தாமதமாகத்தான் தலை காட்டும்.

முன்கூட்டி மருந்து ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயணத்தில் களைத்து வந்த மீனுக்கு முதல் வாரம் வேண்டியது இருட்டும் அமைதியும் சுத்தமான தண்ணீரும்தான். நீங்கள் செய்ய வேண்டியது பார்ப்பது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ராத்திரி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலே இருந்து பார்த்தால் தெரியாத தங்கப் பொடி மாதிரிப் பூச்சு அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் மின்னும். அது வெல்வெட் நோய். செவுள் இரண்டும் ஒரே வேகத்தில் அசைகிறதா, ஒரு பக்கம் மூடிக் கிடக்கிறதா? குழாயில் உடம்பைத் தேய்க்கிறதா? துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறதா? கழிவு தீனியின் நிறத்தில் இருக்கிறதா, வெள்ளை நூலாகத் தொங்குகிறதா? வெள்ளைப்புள்ளி செவுளுக்குள் மட்டும் இருந்தால் வெளியே ஒரு புள்ளியும் தெரியாது. அப்போது மூச்சு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

கடைத் தண்ணீரை ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். டப்புக்குத் தனி வலை, தனிக் குழாய், தனிக் குவளை வேண்டும். செடியும் நத்தையும் வாங்கினாலும் இதே கதைதான். மீன் இல்லாத வாளியில் அவற்றை 2 வாரம் வையுங்கள், வெள்ளைப்புள்ளியின் அந்த ஓடுகள் இலையிலும் ஒட்டி வரும்.

கோவை_ஏஞ்சல்:

மாடித்தொட்டி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இக் என்றதும் ஹீட்டரை 30-க்கு மேல் ஏற்றச் சொல்வார்கள். இக்குக்கு அது உதவும். ஆனால் வாயைச் சுற்றிப் பஞ்சு மாதிரியோ, முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த திட்டோ இருந்தால் அது காலம்னாரிஸ், பாக்டீரியா. சூடு ஏற ஏற அது வேகமாகப் பரவும். என் ஏஞ்சல் ஜோடியை அப்படித்தான் ஒரே ராத்திரியில் இழந்தேன். என்ன நோய் என்று உறுதியாகத் தெரியும்வரை ஹீட்டரைத் தொடாதீர்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மீனுக்கு வரும் காசநோய்க் கிருமி மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

மதுரை_வாளி:

நண்பரே, நான் வாடகை அறையில் இருப்பவன். 20 லிட்டர் புது வாளி, ஏர் பம்ப், ஸ்பான்ஞ்சு, அவ்வளவுதான். சின்ன மீன் நாலைந்துக்கு இது போதும், ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 5 லிட்டர் மாற்றுவேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், அவசரத்துக்குக் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் சொட்டு. பெரிய தொட்டியில் மாற்றும்போது எடுக்கும் தண்ணீரையே வாளிக்குப் பயன்படுத்துகிறேன், மீன் முன்கூட்டியே அந்தத் தண்ணீருக்குப் பழகிவிடுகிறது. இப்போது உங்கள் தொட்டியில் நோய் இருப்பதால் நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

அயனாவரம்_3அடி:

எல்லோருக்கும் நன்றி. உப்பு வேலை செய்தது. ஏஞ்சலும் 2 மோலியும் பிழைத்துவிட்டன. கடைசிப் புள்ளி போய் 2 மாதம் வரை எதுவும் வாங்கவில்லை. ஸ்பான்ஞ்சு அவ்வளவு நாளும் பின்மூலையில் ஓடியது.

அப்புறம் 6 பிளாட்டி வாங்கி டப்பில் விட்டேன். அப்பாவே ராத்திரி டார்ச் பிடிக்கிறார், ஒரு பழைய டைரியில் தினம் எழுதி வைக்கிறார். இன்று 17-ஆம் நாள். ஒரு பெண் பிளாட்டியின் கழிவுத் துவாரத்தில் சிவப்பாக, தையல் நூல் முனை மாதிரி இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. நீந்தும்போது உள்ளே போய்விடுகிறது, நின்றால் வெளியே வருகிறது. இது என்ன? மற்ற ஐந்தும் நன்றாக இருக்கின்றன.

மாடித்தொட்டி:

கமலானஸ் என்ற குடல்புழு, தம்பி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இது கண்ணில் படுவதற்குள் பலருக்குத் தொட்டி முழுக்கப் பரவிவிடும். குட்டிகளை உயிரோடு தண்ணீரில் விடும், தொட்டிக்குள் மீனுக்கு மீன் நேராகவே தொற்றும். அதனால் ஆறுக்கும் சேர்த்தே மருந்து.

பிராசிக்வான்டல் மருந்து இதற்குக் கேட்காது, அது தட்டைப்புழுவுக்கு. வேண்டியது லெவமிசோல், ஆடு மாடுகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து. கால்நடை மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள். வேறு மருந்து கலக்காததாக இருக்கட்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம். அது புழுவை முடக்கும், மீன் தள்ளிவிடும். கீழே விழுந்ததை மீன் திரும்பத் தின்னும் முன் அடியை உறிஞ்சி எடுங்கள், பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றுங்கள். 3 வாரம் கழித்து இன்னொரு தடவை. நாள் கணக்கை அந்த இரண்டாவது தடவையிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள், 2 வாரம் பார்த்துவிட்டு விடலாம்.

அயனாவரம்_3அடி:

இரண்டு தடவையும் முடிந்தது அக்கா. அந்தப் பெண் பிளாட்டி மட்டும் முதல் மருந்துக்குப் பிறகு 3-ஆம் நாள் போய்விட்டது. மற்ற ஐந்தும் நேற்று பெரிய தொட்டிக்குப் போய்விட்டன. ஒரே ஒரு சந்தேகம், டப்பில் இருந்த ஸ்பான்ஞ்சைத் திரும்பப் பெரிய தொட்டியில் வைக்கலாமா?

மாடித்தொட்டி:

வேண்டாம். நோய் பார்த்த ஸ்பான்ஞ்சு பெரிய தொட்டிக்குத் திரும்பப் போகக் கூடாது. வெந்நீரில் பிழிந்து, வலை, குழாய், டப் எல்லாவற்றோடும் மாடி வெயிலில் 3 நாள் காயவிடுங்கள், அடுத்த தடவை டப்புக்கே வைத்துக்கொள்ளுங்கள். பின்மூலைக்கு இன்றைக்கே புது ஸ்பான்ஞ்சு ஒன்று போட்டுவிடுங்கள். அது பழகுவதற்குள் அப்பா கடைக்குப் போகலாம் என்றால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.