கிராண்ட் டியூக் மிகயீல் நிக்கலாயெவிச் குடும்ப மரம்: தேதி, பட்டம், வரிசை மூன்றுமே சிக்குகிறது

காட்பாடிவாசி

வேலூரில் ஒரு நூலகக் கண்காட்சிக்கு ரஷ்ய அரச குடும்பத்தின் ஒரே ஒரு கிளையை 4 அடிக்கு 3 அடி ஃபிளெக்ஸில் போடப் போகிறோம். எடுத்துக்கொண்டவர் கிராண்ட் டியூக் மிகயீல் நிக்கலாயெவிச் (1832–1909). பேரரசர் முதலாம் நிக்கலாயின் கடைசி மகன், காக்கசஸின் ராஜப்பிரதிநிதி. ஆறு பையன், ஒரு பெண். மூன்று இடத்தில் வேலை நின்றுவிட்டது.

நாலாவது மகன் அலெக்சாந்தர் பிறந்தது ஒரு புத்தகத்தில் 1866 ஏப்ரல் 1, இன்னொன்றில் ஏப்ரல் 13. எதை எடுப்பது?

அலெக்சாந்தர் கிராண்ட் டியூக். அவர் மனைவி க்சேனியா பேரரசரின் மகள், கிராண்ட் டச்சஸ். ஆனால் இவர்கள் பிள்ளைகள் ஏழு பேருக்கும் வெறும் பிரின்ஸ், பிரின்சஸ் என்றுதான் இருக்கிறது. பிழையா?

தலைமுறைக்கு ஒரு வரிசை என்று கோடு போட்டால் இந்த ஜோடி ஒரே வரிசையில் உட்கார மாட்டேன் என்கிறது. க்சேனியா எப்போதும் ஒரு படி கீழே போய்விடுகிறார்.

பாலாற்றங்கரை

பிழை இல்லை சார். நீங்கள் மிகயீலிடமிருந்து எண்ணுகிறீர்கள், அதுதான் குழப்பம். இந்தக் குடும்பத்தில் எல்லாவற்றையும் பேரரசரிடமிருந்து எண்ண வேண்டும், அதுவும் ஆண் வழியில் மட்டும்.

பென்சிலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு எண் போடுங்கள். முதலாம் நிக்கலாய் 0. மிகயீல் 1. அவருடைய ஏழு பிள்ளைகள் 2. பேரப்பிள்ளைகள் 3. ஒன்றும் இரண்டும் கிராண்ட் டியூக், கிராண்ட் டச்சஸ். மூன்று வந்தால் 'பேரரச ரத்தத்துப் பிரின்ஸ்', அவ்வளவுதான். மூன்றாம் அலெக்சாந்தர் 1886 ஜூலையில் போட்ட சட்டம் இது. அதற்கு முன்பு கொள்ளுப்பேரனுக்கும் கிராண்ட் டியூக் பட்டம் உண்டு. குடும்பம் பெருகப் பெருகக் கஜானாவிலிருந்து ஆளுக்கொரு படி கொடுத்து மாளவில்லை.

முதல் அடி விழுந்தது வேறொரு கிளையில். மிகயீலின் அண்ணன் கான்ஸ்தந்தீன் வழியில் வந்த இயோன் கான்ஸ்தந்தீனவிச் கிராண்ட் டியூக்காகப் பிறந்தார், ஒன்பதாம் நாள் பிரின்ஸ் ஆகிவிட்டார். உங்கள் கிளையில் யாரும் பட்டத்தை இழக்கவில்லை. மிகயீலின் பிள்ளைகள் ஏழு பேரும் 1886-க்கு முன்பு பிறந்தவர்கள், புதுச் சட்டப்படியும் அவர்கள் இரண்டாம் எண்தான்.

க்சேனியா மூன்றாம் அலெக்சாந்தரின் மகள், அவர் பட்டம் அவருக்கு. ஆனால் தாய் வழியில் அது பிள்ளைகளுக்கு இறங்காது. தாத்தா பேரரசர், தாய்மாமன் இரண்டாம் நிக்கலாயும் பேரரசர், இருந்தும் பிள்ளைகளுக்குக் கிராண்ட் டியூக் பட்டம் இல்லை.

இன்னொரு கோடு புள்ளிக்கோடாக வரவேண்டும். இரண்டாவது மகன் மிகயீல் மிகயீலவிச் 1891-இல் இத்தாலியின் சான் ரெமோவில் சோஃபியா மெரென்பெர்க்கைக் கல்யாணம் செய்துகொண்டார். சோஃபியா கவிஞர் புஷ்கினின் மகள் வயிற்றுப் பேத்தி. ஆளும் குடும்பத்துப் பெண் அல்ல, பேரரசரின் அனுமதியும் இல்லை. அவர் ரஷ்யாவுக்குத் திரும்பத் தடை விழுந்தது. 1820-ஆம் ஆண்டு விதிப்படி சமமில்லாத திருமணத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணவனின் பட்டம் கிடையாது. அதனால் மூன்று பிள்ளைகளும் 'டி டோர்பி' என்ற பெயரில்தான் வருவார்கள், பிரின்ஸ் என்று போட்டுவிடாதீர்கள். இளைய பெண் நதேழ்தா 1916-இல் கட்டிக்கொண்டது நம்ம மவுண்ட்பேட்டனின் அண்ணன் ஜார்ஜை. கண்காட்சிக்கு வருகிறவர்கள் நின்று படிக்கப்போகும் பெட்டி அதுதான், கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

குடியாத்தம் வாசகி

மூன்றாவது கேள்விக்கு முறை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். மிகயீலின் அண்ணன் இரண்டாம் அலெக்சாந்தர். அவர் மகன் மூன்றாம் அலெக்சாந்தர், அதாவது உங்கள் அலெக்சாந்தருக்குப் பெரியப்பா மகன், அண்ணன். அந்த அண்ணனின் மகள் க்சேனியா. நம் வீட்டில் மகள் முறை! இங்கே பேச்சே எடுக்க முடியாத சம்பந்தம், அங்கே 1894-இல் பீட்டர்ஹோஃபில் ஊரறிய நடந்தது.

பேரரசர் இரண்டாம் நிக்கலாய்க்கு அலெக்சாந்தர் சித்தப்பா முறை. வயது வித்தியாசம் இரண்டே வருடம். கல்யாணத்துக்குப் பிறகு தங்கை புருஷன்.

தமாஷ் என்னவென்றால் அலெக்சாந்தரின் அண்ணன் கியோர்கி நம் வழக்கப்படியே கட்டியிருக்கிறார். அவர் மனைவி கிரேக்க இளவரசி மரியா. மரியாவின் அம்மா ஓல்கா, மிகயீலின் அண்ணன் கான்ஸ்தந்தீனின் மகள், கியோர்கிக்கு அக்கா முறை. ஆக மரியா அக்கா மகள், கியோர்கி தாய்மாமன். ஒரே வீட்டில் அண்ணன் முறையோடு, தம்பி முறைகெட்டு!

வரைபடத்துக்கு வருவோம். பட்டத்தை விட்டுவிட்டு, முதலாம் நிக்கலாயிடமிருந்து தலைமுறையை மட்டும் எண்ணினால் க்சேனியாவும் மரியாவும் 3, கணவர்கள் 2. நேர்க்கோடு வராது. மனைவி பெட்டியைக் கணவன் பக்கத்திலேயே வைத்து, உள்ளே சிறிய எழுத்தில் 'மூன்றாம் அலெக்சாந்தரின் மகள்' என்று எழுதிவிடுங்கள். சாய்கோடு இழுத்தால் பிள்ளைகளுக்கு இறங்கும் கோட்டில் அது மோதும், பார்ப்பவர்கள் க்சேனியாவை அலெக்சாந்தரின் மகளாகவே படித்துவிடுவார்கள்.

மிகயீலின் மனைவியிடமும் ஒரு பொறி இருக்கிறது. பாடன் இளவரசி செசிலி 1857-இல் கல்யாணத்துக்காக ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறி ஓல்கா ஃபியோதரவ்னா ஆனார். இரண்டு பெயரும் ஒரே ஆள். இரண்டு மனைவி என்று போட்டுவிட வேண்டாம்.

ஆற்காடு நாணயம்

தேதிக்கு வருகிறேன். ஏப்ரல் 1, 13 இரண்டும் சரி. ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி. 19-ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்டுங்கள், 20-ஆம் நூற்றாண்டுக்கு 13.

தப்பு நடப்பது 1900-இல். வருடத்தைப் பார்த்ததும் 13 கூட்டிவிடுவார்கள். வித்தியாசம் 13 ஆனது பழைய கணக்கில் 1900 மார்ச் 1 முதல்தான். ஜூலியனில் அந்த வருடம் பிப்ரவரி 29 உண்டு, நம் நாட்காட்டியில் கிடையாது. அலெக்சாந்தரின் மூன்றாவது மகன் நிகீதா பழைய கணக்கில் 1900 ஜனவரி 4. அது ஜனவரி 16, 17 அல்ல. கடைக்குட்டி வசீலி 1907 ஜூன் 24, அது ஜூலை 7.

1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. அதற்குப் பிறகு வரும் மரணத் தேதிகளில் எதையும் கூட்டாதீர்கள். பேனர் முழுக்கப் புதிய கணக்கு மட்டும் போட்டு, அடியில் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. இரண்டையும் கலந்தால் பிழை கண்டுபிடிக்கவே முடியாது.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். வட ஆற்காடு என்று போட்ட பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு இன்று ராணிப்பேட்டையில் நிற்கிற மாதிரி. பிறந்த இடம் திஃப்லிஸ் என்றால் இன்றைய திபிலிசி. பெட்ரோகிராட் என்று இருந்தால் 1914-க்குப் பிந்தைய பீட்டர்ஸ்பர்க்.

கியோர்கி பெட்டியில் 'நாணயவியலாளர்' என்று கட்டாயம் சேருங்கள். 18, 19-ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாணயங்களுக்கு ஆதாரப் பட்டியலாக இன்றும் புரட்டப்படுவது அவர் தொகுத்த பெரும் தொகுதிகள்தான். அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதி இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியனில்.

காட்பாடிவாசி

எல்லோருக்கும் நன்றி. முறை கணக்கு அபாரம் அக்கா, அதையே ஒரு தனிக் கட்டமாகப் போடுகிறேன். இன்னும் இரண்டு: ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே அகலம் வைத்தால் அலெக்சாந்தர் பக்கம் நெரிகிறது. படம் தேடினால் செர்கேய் என்று ஒருவர், வேறு முகத்தோடு இன்னொரு செர்கேய்.

பாலாற்றங்கரை

அகலத்தைச் சமமாகப் பிரிக்காதீர்கள். 48 அங்குலத்தில் இரு பக்கமும் 2 விட்டால் 44. நிக்கலாய், செர்கேய், அலெக்சேய் மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஆளுக்கு 4, மொத்தம் 12. மீதி 32-இல் அலெக்சாந்தருக்கு 16, ஒரே மகள் அனஸ்தாசியாவுக்கு 6, மிகயீலுக்கு 6, இரண்டே பெண்கள் உள்ள கியோர்கிக்கு 4. எல்லாப் பேரப்பிள்ளைக்கும் சுமார் 2 அங்குலம் கிடைக்கும். அந்த அகலத்தில் 'அலெக்சாந்தரவிச்' நுழையாது. தந்தை பெயரை வரிசைக்கு மேலே ஒரே தடவை போட்டுவிட்டு, கீழே இரீனா, அந்திரேய், ஃபியோதர், நிகீதா, திமீத்ரி, ரஸ்திஸ்லாவ், வசீலி என்று தனிப்பெயர் மட்டும்.

படத்துக்கு அந்தத் தந்தை பெயர்தான் காவல். செர்கேய் மிகயீலவிச் பீரங்கிப் படைக்காரர், 1918 ஜூலை 18-இல் அலப்பாயெவ்ஸ்கில் கொல்லப்பட்டவர். செர்கேய் அலெக்சாந்தரவிச் மாஸ்கோ கவர்னர் ஜெனரலாக இருந்து 1905-இல் குண்டுக்குப் பலியானவர். அலெக்சாந்தரவிச் என்ற பெயரோடு மிகயீல், கியோர்கி, அலெக்சேயும் உண்டு, அவர்கள் யாரும் உங்கள் கிளை இல்லை. நிக்கலாய் இன்னும் மோசம்: உங்களுடையவர் சரித்திரக்காரர், பட்டாம்பூச்சி ஆராய்ச்சியாளர். உலகப் போரில் தலைமைத் தளபதியாக இருந்தவர் நிக்கலாய் நிக்கலாயெவிச், இவருடைய பெரியப்பா மகன். படத்தில் உள்ளவர் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக, ராணுவ உடுப்போடு நின்றால் பெரும்பாலும் அந்தத் தளபதி.

சரித்திரக்காரரும் கியோர்கியும் 1919 ஜனவரி கடைசியில் பெட்ரோகிராட் பீட்டர்-பால் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தேதி புத்தகத்துக்குப் புத்தகம் ஓரிரு நாள் மாறும், மாதத்தோடு நிறுத்துங்கள். அலெக்சேய் 1895-இலேயே காசநோயில் 19 வயதில் போய்விட்டார். அலெக்சாந்தர் 1933 வரை இருந்தார், பிரான்ஸில் அடக்கம்.

குடியாத்தம் வாசகி

அனஸ்தாசியாவை ஓரத்தில் தள்ளிவிடாதீர்கள் தம்பி. அவர் மூத்த பெண் அலெக்சாந்த்ரினா டென்மார்க் ராணி, இளையவள் செசிலி ஜெர்மன் பட்டத்து இளவரசரின் மனைவி. 1914-இல் தாய்மாமன்கள் ரஷ்யப் பக்கம், மருமகள் பெர்லினில். பெட்டியில் பட்டம் மட்டும் எழுதும்போது கணவர் வீட்டுப் பெயரான மெக்லென்பர்க்-ஷ்வெரின் என்று போடுங்கள், ரோமனோவ் என்று வேண்டாம். பிள்ளைகள் மூவரும் அப்பா வீட்டுக் கணக்கு.