நாடி உடம்பில் எங்கே இருக்கிறது?

தலவாக்கலை ஆசிரியர்: இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டக் கோயில் மண்டபத்தில், சனிக்கிழமைகளில் விடியுமுன் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறோம். உயிர்மூச்சு ஓடும் வழிகளை நாடி என்கிறோம்: இடது நாசிப் பக்கம் இடகலை, வலது நாசிப் பக்கம் பிங்கலை, நடுவே சுழுமுனை. 72,000 நாடிகளில் தலையானவை இந்த மூன்றும்தான். இவை சீராக ஓடினால் உடல் வலி தீரும். மறுப்பவர்கள் பேசலாம்.

ஹட்டன் தாதி: மறுக்கிறேன், ஐயா. உடலை அறுத்துப் பார்த்த எவரும் இடகலையைக் கண்டதில்லை. ஒரு நாசி அடைத்து மற்றது திறப்பதும், சில மணி நேரத்தில் அது மாறுவதும் உண்மை. கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895இலேயே எழுதிவிட்டார். மூக்கின் உட்சவ்வில் இரத்தம் கூடிக் குறைவதால் அப்படி ஆகிறது. 'வலி தீரும்' என்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவில் நாளெல்லாம் நிற்பவளின் கழுத்து வலிக்கு அந்தக் கயிறுதான் காரணம்.

ஆசிரியர்: அறுத்தால் அகப்படாதது பொய்யாகிவிடுமா, தங்கச்சி? எந்த நாசியில் மூச்சு ஓடுகிறது என்று நம்மவர்கள் கைசருக்கு வெகுகாலம் முன்பே கணித்தார்கள். திருமூலர் அளவே சொல்லியிருக்கிறார்: மூச்சை இழுக்கும் பூரகம் 16 மாத்திரை (ஒரு மாத்திரை கண்ணிமைக்கும் நேரம்), அடக்கும் கும்பகம் 64, வெளியே விடும் ரேசகம் 32.

பொகவந்தலாவை மகள்: அந்தக் கும்பகம்தான் என் அம்மாவைக் கீழே தள்ளியது. அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. போன வருடம் ஒரு வகுப்பில், வெறும் தேநீரோடு போனவரை மூச்சை அடக்கச் சொன்னார்கள். கண் இருண்டு பாயிலேயே சாய்ந்தார். அன்றைய பேரும், அதாவது நாள் சம்பளமும், போனது. ஆனாலும் பயிற்சியை அவர் விடவில்லை. இரவில், பெருவிரலால் வலது நாசியை மூடி இடதால் இழுக்கிறார்; அடக்காமல், மோதிர விரலால் இடதை மூடி வலதால் விடுகிறார்; பிறகு வலதால் இழுத்து இடதால் விடுகிறார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள் அவை. பத்துச் சுற்று முடிவதற்குள் உறங்கிவிடுகிறார்.

தாதி: அடக்காமல் செய்வதற்கு நான் எதிரி இல்லை. மூச்சை மெல்ல வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். கிளினிக்கில் தரும் மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது.

ஆசிரியர்: மகளே, நீ எழுதியதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. நானும் கும்பகம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குரு பக்கத்தில் இருக்க, வருடக்கணக்கில் பழகியவருக்கான அளவு அது. இனி அதை விட்டுவிடுகிறேன். நாடி என்ற சொல்லை மட்டும் விடமாட்டேன்.

மகள்: சொல் இருக்கட்டும், ஐயா. வகுப்பை மாலையில், கொழுந்தை எடை போட்ட பிறகு வைப்பீர்களா?