மின் நூல் தைத்த முழங்கால் உறை: துவைத்தாலும் தாங்க என்ன செய்யலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா முழங்காலை எவ்வளவு மடக்குகிறார் என்று அளக்க, பின்னல் துணியில் ஓர் உறை செய்துகொண்டிருக்கிறேன். லியா பியூக்லி வடிவமைத்து 2007-இல் விற்பனைக்கு வந்த லிலிபேட் ஆர்டுயினோ என்ற, துணியில் தைக்கக்கூடிய குட்டிக் கணினிதான் இதற்கு மூளை. 5 செ.மீ. அகல வட்ட மின்சுற்றுப் பலகை. விளிம்புத் துளைகளில் மின் கடத்தும் நூலைக் கோத்துத் தைத்துவிடலாம், சால்டரிங் வேண்டாம். அருமையான யோசனை!

சிக்கல் நூலில்தான். வெள்ளி பூசிய நைலான் நூல் மென்மையானது, ஆனால் துவைக்கத் துவைக்கப் பூச்சு தேய்ந்து மின்தடை ஏறுகிறது. கால் மடங்கும்போது நூலில் ஏற்படும் மின்தடை மாற்றத்தைத்தான் நான் அளக்கிறேன். அதனால் கால் மடங்கியதா, நூல் தேய்ந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. துருப்பிடிக்காத எஃகு நூல் துவைப்பதைத் தாங்கும், ஆனால் துணியோடு சேர்ந்து இழுபடாது. நேர்த்தையல் போட்டால் அறுகிறது, ஜிக்ஜாக் கொஞ்சம் பரவாயில்லை.

நூலும் பலகையும் சேரும் இடத்தை எதை வைத்து மூடுகிறீர்கள்? சிலிக்கோன் பசையா, இஸ்திரி போட்டு ஒட்டும் டிபியூ (வளையும் பிளாஸ்டிக்) படலமா? அப்புறம், துவைக்கும்போது பலகையைக் கழற்ற ஸ்னாப் பட்டன் வைத்தவர்கள் யாராவது இருந்தால், வியர்வையில் அந்த இணைப்பு நிற்கிறதா என்று சொல்லுங்கள். அப்பா தினமும் அணிய வேண்டியது, தோலை உறுத்தாத வழியாக இருக்க வேண்டும். போட்டோ இருந்தால் அதையும் போடுங்கள்.