பீட் தலைமுறைப் பெண்களின் நினைவுக்குறிப்புகள்: எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி:
பீட் தலைமுறை எனப்படும் 1950களின் அமெரிக்கக் கலக எழுத்தாளர்களான ஜாக் கெரோவாக்கையும் ஆலன் கின்ஸ்பெர்க்கையும் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவர்கள் எழுத்தில் பெண்கள் காதலியாகவோ காத்திருக்கும் மனைவியாகவோ வந்துபோகிறார்களே தவிர, தாமும் எழுதியவர்களாகத் தென்படுவது அரிது. அந்தப் பெண்களே பின்னாளில் எழுதியவற்றுள் எதை முதலில் எடுக்கலாம்? பெரிய எழுத்தாளர்களைப் பற்றிய துணுக்குகளைத் தாண்டி அவற்றில் ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
ஜாய்ஸ் ஜான்சன் 1983இல் வெளியிட்ட ‘மைனர் கேரக்டர்ஸ்’. ‘துணைப் பாத்திரங்கள்’ என்ற அந்தத் தலைப்பிலேயே அவருடைய கசப்பும் குறும்பும் தெரிந்துவிடும். 1957 செப்டம்பரில் கெரோவாக்கின் ‘ஆன் தி ரோடு’ நாவலைப் புகழ்ந்து நியூயார்க் டைம்ஸில் மதிப்புரை வெளிவந்தபோது அவர் அருகில் இருந்தவர் ஜான்சன். தாமும் அப்போது ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தார். துணுக்குகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் என்னை உலுக்கியது தம் தோழி எலிஸ் கோவனைப் பற்றி ஜான்சன் எழுதிய பக்கங்கள்தாம். கின்ஸ்பெர்கின் ‘கடிஷ்’ கவிதையைத் தட்டச்சு செய்து கொடுத்த அந்தத் தோழியும் கவிஞரே. 1962இல் அவர் தற்கொலை செய்துகொண்டபின் அவருடைய கையெழுத்துப்படிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட, ஒரு நண்பரிடம் இருந்தவை மட்டுமே தப்பின.

மறுமொழி 2:
ஹெட்டி ஜோன்ஸ் 1990இல் எழுதிய தன்வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவரும் கவிஞருமான லீராய் ஜோன்ஸுடன் சேர்ந்து ‘யூகன்’ சிற்றிதழை நடத்தியவர். வேலைக்குச் சென்று, இரண்டு குழந்தைகளை வளர்த்து, மற்றவர்களின் கவிதைகளை அச்சுக்கு ஒழுங்கு செய்தவர், தம்முடையவற்றை வெளியில் காட்டவில்லை. பழியை ஆண்கள் மேல் மட்டும் போட்டுவிடாமல் தம் தயக்கத்தையும் அவர் துருவிப் பார்ப்பதால்தான் அந்த நூலை மதிக்கிறேன். அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு 1998இல்தான் வந்தது.

மறுமொழி 3:
கவிஞர் டயான் டி பிரிமாவிடம் மட்டும் கவனம் தேவை. 1969இல் வந்த ‘மெமோயர்ஸ் ஆஃப் எ பீட்னிக்’ பணத் தேவைக்காக எழுதப்பட்டது. பதிப்பாளர் காமக் காட்சிகளை மேலும் கேட்டு வாங்கியதால் அதில் கற்பனை அதிகம். 2001இல் வந்த விரிவான தன்வரலாறே நம்பத்தக்கது. அதில் ஒரு நிகழ்ச்சி: குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த தோழியிடம் சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டுமென்று அவர் விருந்திலிருந்து எழுகிறார், குழந்தை பார்ப்பவளை மறக்காவிட்டால் நீ எழுத்தாளராகவே முடியாது என்கிறார் கெரோவாக். தோழிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்கும் எழுத்தைக் கைவிடாதிருப்பதற்கும் வேண்டியது ஒரே கட்டுப்பாடுதான் என்று டி பிரிமா எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார். நானாக இருந்தால் இந்த நூலைத்தான் முதலில் எடுப்பேன், ஜான்சன் அடுத்து.