பல் செட் போட்டு 19 நாள்: வகரம் வரவில்லை, கீழ்ச்செட் நிற்கவில்லை

கும்பகோணம் ஆசிரியை

வணக்கம். எனக்கு வயது 67. தமிழாசிரியையாக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சர்க்கரை நோய் 20 ஆண்டுகளாக இருக்கிறது. ஈறு கரைந்து பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. மிச்சம் நின்ற 8 பற்களையும் தை மாதத்தில் எடுத்தார்கள். ஈறு ஆற மூன்று மாதம் விட்டு, இப்போது மேலும் கீழும் முழு செட் போட்டிருக்கிறேன். இன்றோடு 19 நாள்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மூன்று மாதம் குழைந்த ரசம் சாதத்திலும் இட்லியிலும் ஓட்டியவள், இன்னும் சில மாதம் ஓட்டிவிடுவேன். என்னை வருத்துவது பேச்சு. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் 11 பேர் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் குறள் படிப்பார்கள். பல் எடுத்த நாளிலிருந்து வகுப்பு நின்றுவிட்டது. செட் வந்ததும் தொடங்குவேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மேற்பல் கீழுதட்டில் பொருந்தினால் வகரம் பிறக்கும், மேற்பல்லின் அடியை நாக்கு நுனி தொட்டால் தகரமும் நகரமும் பிறக்கும் என்று எத்தனையோ வகுப்புகளில் இலக்கணம் நடத்தியிருக்கிறேன். பல் போனபின்தான் அந்தப் பாடம் எனக்கே முழுதாக விளங்கியது. 341ஆம் குறளை உதடு ஒட்டாமல் சொல்லலாம் என்பதால் பிள்ளைகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம். உதடு ஒட்டாதே தவிர, தகர வரிசை எழுத்து ஐந்து இடத்தில் வருகிறது, நகர வரிசை இரண்டு இடத்தில். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ‘யாதனின்’ என்றால் நாக்கு எங்கோ போய் முட்டுகிறது. ‘வாய்மை’ என்று சொன்னால் ‘பாய்மை’ என்று கேட்கிறது. அன்று வகுப்பைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

கீழ்ச்செட் பேசும்போது மிதக்கிறது. வாய் நிறைய எச்சில் ஊறுகிறது. இடப்பக்கம் கீழ் ஈறின் உட்புறத்தில் மிளகளவு புண். அளவெடுக்க, கடி பார்க்க, மெழுகில் பல் பதித்துக் காட்ட என்று ஐந்து முறை வரவழைத்த மருத்துவர், இப்போது எதைக் கேட்டாலும் ‘பழகிவிடும்’ என்று முடித்துவிடுகிறார். எது பழகும், எது பழகாது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா?

விழுப்புரம், ரயில்வே ஓய்வூதியர்

அம்மா, நான் 11 ஆண்டுகளாக முழு செட் போட்டிருக்கிறேன். எச்சில் கட்டாயம் குறையும். உள்ளே இருப்பதைச் சோறு என்று எண்ணி வாய் சுரக்கிறது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் அடங்கியது. துப்பாதீர்கள், விழுங்குங்கள். துப்பத் துப்ப மேல்செட்டின் பிடிப்பும் விட்டுப்போகும்.

சாப்பாட்டில் கவலை இல்லை என்கிறீர்கள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரு பக்கமாக மெல்லக் கூடாது. பாதிக் கவளம் இடப்பக்கம், பாதி வலப்பக்கம் என்று வைத்து மென்றால் செட் சாயாது. முன்பல்லால் எதையும் கடித்து இழுக்காதீர்கள். நான் கொய்யாவைக் கத்தியால் நறுக்கித்தான் சாப்பிடுகிறேன், அதிலும் விதைப்பகுதியை நீக்கிவிட்டு. செட்டுக்கு அடியில் ஒரு விதை போனால் அன்றைய பொழுது பாழ். எள்ளுருண்டைக்கும் இதே கதிதான். வடையைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடலாம். சப்பாத்திக்கு அவசரப்படாதீர்கள்.

கழுவும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அதன்மேல் பிடித்துக் கழுவுங்கள். என் முதல் செட் கை வழுக்கி வெறும் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. சுத்தமாகட்டும் என்று என் மனைவி அடுத்த செட்டைக் கொதிநீரில் போட்டாள். அது வளைந்து மறுபடி வாயில் ஏறவே இல்லை. பற்பசையும் வேண்டாம். கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும். மென்மையான பிரஷும் சோப்பும் போதும்.

பேச்சுக்கு நான் செய்தது ஒன்றுதான். விடியற்காலையில் செய்தித்தாளின் முதல் பக்கம் முழுவதையும் வாய்விட்டு, நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். ஒரு மாதம் விடாமல் செய்தேன்.

திருச்சி வாசகர்

புண்ணுக்கு நான் மருத்துவரிடம் போகவில்லை. குத்துகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன், சரியாகிவிட்டது. செலவில்லை.

மதுரை, பல் மருத்துவர்

அம்மா, முதலில் ஒன்று: உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். எந்த இடம் அழுத்துகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தவறான இடத்தில் அரை மில்லிமீட்டர் போனால் பிடிப்பே போய்விடும். திருச்சி நண்பருக்கு அது நேராமல் தப்பியது.

புண் பழகாது. அதைத் தேய்த்துச் சரிசெய்தே ஆக வேண்டும். வலிக்கிறதென்று செட்டைக் கழற்றிவைத்து, ஈறு ஆறியபின் மருத்துவரிடம் போகிறவர்கள் அதிகம். அப்போது எங்களுக்குத் தடயம் இருக்காது. போவதற்கு முதல் நாளும், போகும் நாளும் போட்டுக்கொண்டு போங்கள்.

கீழ்ச்செட் பெரும்பாலும் பழகும். மேல்செட் அண்ணம் முழுவதையும் மூடி, மெல்லிய எச்சில் படலத்தால் ஒட்டி நிற்கிறது. கீழ்ச்செட்டுக்குக் கிடைப்பது லாடம்போல வளைந்த குறுகிய ஈறு மேடு மட்டும். நடுவில் நாக்கு வேறு ஓயாமல் அசைகிறது. நாக்கைப் பின்னுக்கு இழுத்தால் செட் கிளம்பும். சும்மா இருக்கும் நேரத்தில் நாக்கு நுனி கீழ் முன்பற்களின் உட்புறத்தைத் தொட்டபடி இருக்கட்டும். நாக்கும் கன்னமும் அதைப் பிடித்துக்கொள்ளக் கற்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம்.

இனி வகரம். நீங்கள் நடத்திய அந்த இலக்கணத்தை நாங்கள் சோதனையாகவே செய்கிறோம். மெழுகில் பல் பதித்த நிலையில் ‘வ’, ‘ஃப’ ஒலிகள் வரும் சொற்களைச் சொல்லச் சொல்வோம். மேல் முன்பல்லின் விளிம்பு, கீழுதட்டின் ஈரப் பகுதியும் உலர்ந்த பகுதியும் சேரும் கோட்டை மெல்லத் தொட வேண்டும். தொடாவிட்டால் பல் வைத்த இடம் பிழை; அது எத்தனை மாதமானாலும் பழகாது. சரியாகத் தொட்டும் ஒலி வரவில்லை என்றால், பயிற்சியில் வரும். தகரம் குழறுவதற்கு முன்பல்லின் பின்னால் அண்ணத்தகடு தடிப்பாக இருப்பதும் காரணமாகலாம். அதை மெலிதாக்க முடியும். பேசும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ‘டக் டக்’ என்று இடித்துக்கொண்டால் கடியின் உயரம் அதிகம் என்று பொருள். இவற்றையெல்லாம் உங்கள் மருத்துவரிடம் இப்படியே பிரித்துக் கேளுங்கள்.

சர்க்கரை இருப்பதால் இரவில் செட்டைக் கட்டாயம் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். இரவும் பகலும் போட்டிருந்தால் மேல் அண்ணம் சிவந்து பூஞ்சை படரும். பல் எடுத்த முதல் ஆண்டில் ஈறு மேடு வேகமாகச் சுருங்கும் என்பதால், சில மாதங்களில் உட்புறத்தில் புதிய பூச்சு வைக்க வேண்டியிருக்கும். அதன்பிறகும் கீழ்ச்செட் நிற்காவிட்டால், தாடை எலும்பில் இரண்டு இம்பிளான்ட் (எலும்புக்குள் பதிக்கும் சிறு உலோகத் திருகு) வைத்து அவற்றின்மேல் செட்டை மாட்டும் வழி உண்டு. 2002இல் மான்ட்ரியல் நகரில் கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடைக்கு அதையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்றார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்; செலவும் அதிகம்.

சென்னை, மகள்

செலவைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் அப்பாவுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செட் செய்தோம். பலமுறை நடக்க வேண்டியிருந்தது. ஆனால் மாணவர்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

கும்பகோணம் ஆசிரியை (நான்கு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. மதுரை மருத்துவர் எழுதியதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, செட்டைப் போட்டபடியே போனேன். படித்துப் பார்த்த என் மருத்துவர், முதன்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கீழ்ச்செட்டின் உட்புறம் வெள்ளைப் பசை தடவி வாயில் வைத்து எடுத்தார். ஓரிடத்தில் மட்டும் பசை அழிந்திருந்தது. இரண்டு நிமிடம் தேய்த்தார். நான்காம் நாள் புண் ஆறிவிட்டது.

‘வா, வீடு, வேம்பு’ என்று சொல்லச் சொல்லி உதட்டைப் பார்த்தார். பல் சரியான இடத்தில்தான் தொடுகிறதாம். அண்ணத்தகடு தடிப்பு என்பதை ஒப்புக்கொண்டு மெலிதாக்கினார். வீட்டுக்கு வருமுன் ஆட்டோவிலேயே தகரம் வந்துவிட்டது. வகரத்துக்கு விழுப்புரம் ஐயா சொன்னபடி தினமும் காலையில் அரை மணி நேரம் உரக்கப் படித்தேன். மூன்றாம் வாரம் ‘வாய்மை’ வாய்மையாகவே வந்தது.

போன சனிக்கிழமை வகுப்பு நடந்தது. ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். 341ஆம் குறளை நான் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஈறு வலித்ததால் முடித்துக்கொண்டேன்.

ழகரம் சொல்லும்போது மட்டும் கீழ்ச்செட் இன்னும் கிளம்புகிறது. நாக்கைப் பின்னுக்கு இழுக்காமல் அந்த எழுத்தைச் சொல்ல வழி இல்லை. நாக்கைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது என்கிறீர்கள். மருத்துவர் ஐயா, ‘தமிழ்’ என்று சொல்ல நான் என்ன செய்ய வேண்டும்?