மறைமுகப் பாகுபாடா, விளைவுவழிப் பாகுபாடா?

அன்புடையீர்,

வணக்கம். எல்லாருக்கும் பொதுவானது போலத் தோன்றும் ஒரு விதி, நடைமுறையில் ஓர் இனத்தாரையே பெரிதும் வெளியே நிறுத்துமானால், அதைக் குறிக்க அகராதியில் ‘மறைமுகப் பாகுபாடு’ என்ற சொல்லைச் சேர்க்கலாம் என முன்மொழியப்பட்டுள்ளது. அது ஓரளவு புழக்கத்தில் இருப்பினும், அதனை ஏற்க எனக்கு மனமில்லை. மறைமுக மிரட்டல், மறைமுக எதிர்ப்பு என்னும்போது, செய்பவர் தம் எண்ணத்தை மூடிவைத்திருக்கிறார் என்றே கொள்கிறோம். மறைமுக வரியில் அப்பொருள் இல்லையே எனலாம். வரிக்கு யாரும் உள்நோக்கம் கற்பிப்பதில்லை. பாகுபாடு என்றாலோ முதலில் எழும் கேள்வியே உள்நோக்கம் பற்றியதுதான்.

இக்கருத்து சட்டத்தில் வேரூன்றக் காரணமான வழக்கையே பாருங்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனத்தின் மின் நிலையம் ஒன்றில், கறுப்பினத்தவர் ஊதியம் மிகக் குறைந்த உடலுழைப்புப் பிரிவில் மட்டுமே அமர்த்தப்பட்டிருந்தனர். மற்றப் பிரிவுகளுக்குப் பள்ளியிறுதிச் சான்றிதழும், பின்னர் 1965 முதல் திறனறி தேர்வுகளில் தேர்ச்சியும் கேட்கப்பட்டன. விதியில் இனம் என்ற சொல்லே இல்லை. ஆனால் 1960 கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடித்திருந்தோர் வெள்ளையின ஆண்களில் 34 விழுக்காடு, கறுப்பின ஆண்களில் 12 விழுக்காடு. சான்றிதழ் இல்லாமலே முன்னர்ச் சேர்ந்த வெள்ளையினத்தவர் அதே பணிகளைக் குறைவின்றிச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. கீழ் நீதிமன்றம் கெட்ட நோக்கம் ஏதும் இல்லை என்றது. உச்ச நீதிமன்றமோ 1971-இல், நல்ல நோக்கம் இருந்தாலும் பணிக்குத் தொடர்பில்லாத அத்தகைய தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. இங்கே மறைத்தவர் யார் என்று தேடுவதே வழக்கின் சாரத்தைத் தவறவிடுவதாகும். இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் தன் வரையறையில் நோக்கம், விளைவு என இரண்டையும் தனித்தனியே சுட்டுகிறது.

ஆகவே விளைவு என்ற சொல்லே முன்னிற்க வேண்டும். ‘விளைவுப் பாகுபாடு’ என்று சுருக்கினால், பாகுபாட்டுக்கு வகைப்படுத்தல் என்ற பொருளும் இருப்பதால், விளைவுகளை வகைபிரிப்பது என்று மயங்க இடமுண்டு. ‘விளைவுவழிப் பாகுபாடு’ என்றால் அம்மயக்கம் நீங்கும். ‘நோக்கவழிப் பாகுபாடு’ அதற்கு இணையாக நிற்கும்.

பாகுபாட்டுக்குப் பதிலாகப் ‘பாரபட்சம்’ என்ற யோசனையும் வந்தது. அது ஒருவர் மனச்சாய்வைச் சுட்டுவதால் இங்கே பொருந்தாது. இலங்கைச் சட்டத் தமிழில் வழங்கும் ‘ஓரங்காட்டல்’ அழகிய சொல்லே. எனினும் அதிலும் காட்டுபவர் ஒருவர் இருந்தாக வேண்டியிருக்கிறது.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: “விளைவுவழிப் பாகுபாடு: நோக்கம் எதுவாயினும், பணிக்கோ சேவைக்கோ இன்றியமையாதது என நிறுவப்படாத பொது விதியொன்று, குறிப்பிட்ட இனத்தாரையோ பிரிவினரையோ பிறரைவிட மிகுதியாகப் பாதித்தல்.” ‘மிகுதியாக’ என்பதன் அளவைச் சட்டம் பயின்றோர் செப்பனிட்டுத் தர வேண்டுகிறேன்.