மறு: ஆற்று நீர் பனிக்கட்டியில் இறங்கும் துளை – சுழிவாய், சுழிமடு

அனைவருக்கும் வணக்கம். ஆற்று நீர் ஆர்க்டிக் கடலின் பனிக்கட்டியைச் சந்திக்கும்போது நடப்பவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதில் ஸ்ட்ருடல் (ஆற்று வெள்ளம் பனிக்கட்டியின் ஓட்டை வழியே சுழன்று இறங்குவது) பற்றி வந்த கருத்துக்கு என் மறுமொழி இது.

> ஸ்ட்ருடல் என்பதற்குச் 'சுழல் அரிப்பு' போதும். துளை, பள்ளம் இரண்டுக்கும் அதுவே பொருந்தும்.

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. அரிப்பு என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது. இங்கே நடப்பது அதுவல்ல.

அலாஸ்காவின் கோல்வில், குபாருக் ஆறுகள் வடக்கு நோக்கி ஓடுபவை. மே கடைசியில் மேற்பகுதியில் பனி உருகி வெள்ளம் வந்துவிடும். முகத்துவாரத்திலோ கடல் இன்னும் ஏறத்தாழ 2 மீட்டர் தடிமனுக்கு உறைந்து, கரையைப் பற்றிக் கிடக்கும். வெள்ளம் அதன் மேலேறிக் கிலோமீட்டர் கணக்கில் பரவும். ஒரு விரிசலோ, சீல் மூச்சுவிட வைத்திருக்கும் ஓட்டையோ அகப்பட்டால் போதும். தொட்டியின் அடைப்பை எடுத்ததுபோல நீர் சுழன்று கீழே பாய்ந்து, ஆழமற்ற கடலடி மண்ணைப் பறித்துவிடும். 4 மீட்டருக்கு மேல் ஆழமான குழிகளும் உண்டு.

ஆக, பனிக்கட்டியில் இருப்பது வேறு, கடலடியில் இருப்பது வேறு. முதலாவது 'சுழிவாய்', இரண்டாவது 'சுழிமடு'. சுழி பறித்த ஆழத்தை மடு என்பது நமக்குப் பழகியதுதானே. ஸ்ட்ருடல் என்ற ஜெர்மன் சொல்லுக்கும் நீர்ச்சுழி என்றே பொருள் (அதே பெயரில் ஒரு பலகாரமும் உண்டு, அதை விட்டுவிடுவோம்). கோடையில் பனிக்கட்டியோடு வாய் போய்விடும், மடு தூர்ந்துபோகச் சில ஆண்டுகள் ஆகும். கடலடியில் எண்ணெய்க் குழாய் புதைப்பவர்களுக்கு மடுதான் கவலை. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அவர்கள் பாடு திண்டாட்டம்.

ஆறு கடலுக்குக் கொண்டுவரும் சூட்டைக் குறிக்க 'ஆற்று வெப்பம்' அப்படியே இருக்கட்டும். 2012 கோடையில் கனடாவின் மெக்கென்சி ஆற்று நீர் கரையோரப் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போஃபர்ட் கடலில் புகுந்தபின், அங்கே கடல் மேற்பரப்பு சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் சூடேறியதை நாசா செயற்கைக்கோள்கள் பதிந்தன. அதைச் சொல்ல இந்த எளிய சொல் போதும்.

ஆனால் ஆர்க்டிக்கில் கலக்கும் ஆறுகளுக்கு 'பனியுருக்கி ஆறு' என்ற பெயர் வேண்டாம். கடல்நீர் உறைய மைனஸ் 1.8 டிகிரி வரை குளிர வேண்டும்; ஆற்று நீருக்கு 0 போதும். கோடையில் உருக்கும் அதே ஆறு குளிர்காலத்தில் உறையவும் உதவுகிறது. யூரேசியாவின் 6 பெரிய ஆறுகள் ஆர்க்டிக்கில் சேர்க்கும் நீர் 1936 முதல் 1999 வரை சுமார் 7 சதவீதம் கூடியது என்னும்போது, பாதி உண்மையைப் பெயரிலேயே பூட்டிவைப்பது சரியில்லை.

அப்புறம், பனிக்கட்டி மேல் பரவும் அந்த வெள்ளத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'மேல்வெள்ளம்' என்று எழுதிப் பார்த்தேன். மேட்டு நிலத்து வெள்ளமா என்று கேட்கிறார்கள்.